முதல் ஆயிரம் நாள் யாருக்கு?

கேப்டவுன் நகரத்துக்குத் தென்கிழக்கே, கடலை ஒட்டிய மணல்வெளியில் 1983இல் நிறவெறி அரசு ஒரு குடியிருப்பை உண்டாக்கியது. கிழக்குக் கேப் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்துகொண்டிருந்த கோசா மக்களை நகரத்துக்கு வெளியே, கூலி வேலைக்கு எட்டும் தூரத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். கயெலிட்ஷா என்ற அந்த இடத்தில் 1990களின் பிற்பகுதியில், பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆன பெண்களிடம் ஒரு மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 35 பேர் மருத்துவ அளவுகோலின்படி மனச்சோர்வில் இருந்தார்கள். பணக்கார நாடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விகிதத்தைப் போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆப்பிரிக்கத் தாய்க்கு மாமியாரும் பாட்டியும் சடங்கும் துணையிருப்பதால் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அவளை அண்டாது என்று அதுவரை ஒரு நம்பிக்கை உலவியது. அப்படி நம்பியவர்கள் கயெலிட்ஷாவின் தகரக் கொட்டகைகளுக்குள் போய்ப் பார்த்ததில்லை. மாமியாரும் பாட்டியும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஊரில் இருந்தார்கள்.

பீட்டர் கூப்பர், லின் மரே, மார்க் டாம்லின்சன் முதலியோர் அங்கே ‘துலா சனா’ என்ற திட்டத்தை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். 449 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். இன்னொரு பிரிவினரின் வீட்டுக்கு அதே பகுதிப் பெண்கள் போனார்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள். தாதிப் படிப்போ உளவியல் படிப்போ இல்லாதவர்கள். இந்த வேலைக்கென்று மட்டும் பயிற்சி பெற்றவர்கள். பிரசவத்துக்கு முன் இரண்டு முறை, பிறகு எட்டு வாரத்துக்கு வாரம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கொருமுறை, கடைசி இரண்டு மாதம் மாதமொருமுறை என மொத்தம் 16 வருகைகள். பிறந்து சில நாளே ஆன சிசு முகத்தைத் தொடர்ந்து பார்க்கும், குரல் வந்த பக்கம் திரும்பும், ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு காரணம் வைத்திருக்கும் என்பதைத் தாயின் மடியிலிருக்கும் பிள்ளையை வைத்தே காட்டினார்கள். மிச்ச நேரம் தாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவுகள் 2009இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தன. ஒன்றரை வயதில் தாயிடம் பாதுகாப்பான பற்றுதல் கொண்டிருந்த குழந்தைகள், வருகை பெற்ற பிரிவில் நூற்றுக்கு 74, மற்றதில் 63. பிள்ளையின் குறிப்பறிந்து நடப்பதில் அந்தத் தாய்மார்கள் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் முன்னே நின்றார்கள். பெரிய படிப்பில்லாத உள்ளூர்ப் பெண்கள், கொடிய வறுமைக்கு நடுவில், வெறும் பேச்சாலும் கவனத்தாலும் இதைச் சாதித்தார்கள் என்பது உலகெங்கும் பேசப்பட்டது. ஆப்பிரிக்காவில் பின்னால் வந்த பல பெற்றோர் ஆதரவுத் திட்டங்கள் இதை ஒரு சான்றாக முன்வைத்தே நிதி கேட்டன.

கதை அங்கேயே நின்றிருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குப் 13 வயதானபோது அதே குழுவினர் திரும்பிப் போய், முக்கால்வாசிப் பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அறிவாற்றல் சோதனைகளில் இரு பிரிவுப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் தாய்மார்களிடம் வித்தியாசம் இருந்தது. வீட்டுக்கு ஒருத்தி வந்து பேசிப்போன பெண்களுக்கு, பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகும், மனச்சோர்வு குறைவாக இருந்தது. 2022இல் வெளியான கட்டுரையின் தலைப்பையே ஆய்வாளர்கள் ஒரு கேள்வியாக வைத்தார்கள்: முதல் 1000 நாள் தாய்க்குப் போதும், பிள்ளைக்குப் போதாதோ? கருவுற்ற நாள் முதல் இரண்டு வயதுவரையான காலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

தங்கள் திட்டம் பற்றித் தாங்களே இப்படி எழுதிய நேர்மையைப் பாராட்ட வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கேள்வியை அதன் முழு எடையோடு எடுத்துக்கொள்வது. ஆப்பிரிக்காவில் கடந்த இருபது ஆண்டாக நடக்கும் இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் பிள்ளையின் மூளையைக் காட்டித்தான் பணம் திரட்டுகின்றன. அவற்றின் கணக்கேடுகளைக் கவனமாகப் படித்தால், உறுதியாகவும் நீடித்தும் மாறுவது பெரும்பாலும் பிள்ளையைச் சுற்றி இருக்கும் பெரியவர்களின் நிலை என்று தெரிகிறது. தாயின் மனம், கணவனின் கை, அக்கம்பக்கத்துப் பெண்களோடு உறவு. நன்கொடையாளர் அறிக்கைகளில் இவையெல்லாம் ‘கூடுதல் பலன்’ என்ற பத்தியில் வரும்.

மூளை எப்படி மையத்துக்கு வந்தது என்பதற்கு இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். முதலாவது 25 கோடி. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட இத்தனை குழந்தைகள் தங்கள் முழு வளர்ச்சியை எட்டாமல் போகும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர் மதிப்பிட்டது. சகாராவுக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்காவில் அது நூற்றுக்கு 66 குழந்தைகள். இந்தக் கணக்குக்காக எந்தக் குழந்தையையும் யாரும் சோதிக்கவில்லை. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள், மிகக் கொடிய வறுமையில் வாழும் குழந்தைகள் ஆகிய இரண்டையும் சேர்த்து எடுத்த மறைமுக மதிப்பீடு அது. கட்டுரையாளர்கள் அதை மறைக்கவில்லை. ஆனால் மேடைகளில் அந்த எண் ஏறும்போது ‘ஆப்பிரிக்கக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மூளை வளர்ச்சி குறைவு’ என்பதாகத் திரிந்துவிடுகிறது.

இரண்டாவது எண் 25 சதவீதம். 1980களின் நடுவில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிராந்தம்-மெக்ரிகர் குழு, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தது. சில குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டு, வாரம் ஒருமுறை ஒரு சுகாதார உதவியாளர் போய்த் தாயோடும் பிள்ளையோடும் விளையாடினார். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிடக் கால் பங்கு அதிகமாக இருந்தது என்று 2014இல் ஒரு கட்டுரை காட்டியது. நல்ல ஆய்வுதான். ஆனால் 129 குழந்தைகளும் ஒரு தீவு நகரமும் சேர்ந்து ஒரு கண்டத்தின் கொள்கையைச் சுமப்பது பெரிய பாரம். அங்கே நூறு வாரம் நடந்ததை இங்கே பதினைந்து அமர்வுகளில் சுருக்கிவிட்டு, பலன் மட்டும் அதே அளவில் வரும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்கே ஒத்துவராது.

2018இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் உலக வங்கியும் பிற அமைப்புகளும் சேர்ந்து ‘பேணி வளர்த்தல்’ என்ற ஒரு சட்டகத்தை வெளியிட்டன. உடல்நலம், உணவு, பாதுகாப்பு, குறிப்பறிந்த கவனிப்பு, தொடக்கக் கற்றல் என ஐந்து கூறுகள். அதன்பின் பல ஆப்பிரிக்க அரசுகள் இந்தச் சொற்களைத் தங்கள் கொள்கை ஆவணங்களில் சேர்த்துக்கொண்டன. ஆவணங்களை விட்டு, இந்தத் திட்டங்களின் உடம்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிப் பக்கத்துக் கிசுமு, சியாயா, விஹிகா பகுதிகளில் நடந்த ‘ம்சிங்கி போரா’ எனக்கு எல்லாவற்றிலும் சுவாரசியமானது. சுவாஹிலியில் ‘நல்ல அடித்தளம்’ என்று பொருள். ஜில் லூடோவும் கூட்டாளிகளும் 60 கிராமங்களில் 1,152 தாய்மார்களைச் சேர்த்தார்கள். குழந்தைகளுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை. ஊர் சுகாதாரத் தொண்டராக ஏற்கெனவே இருந்த பெண்ணே வழிநடத்துவார். பதினைந்து நாளுக்கொருமுறை தாய்மார்கள் கூடுவார்கள். பிளாஸ்டிக் போத்தலில் கூழாங்கல் போட்டுக் கிலுகிலுப்பை, பழந்துணியைச் சுற்றிப் பந்து, போத்தல் மூடிகளை அடுக்கிக் கோபுரம். காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை. விளையாட்டு, பேச்சு, கைகழுவுதல், உணவு, வீட்டில் அன்பும் மரியாதையும் என்று அமர்வுகள் நகரும். ஒருத்தி தன் பிள்ளையோடு செய்து காட்ட மற்றவர்கள் பார்ப்பார்கள். அடுத்த கூட்டத்தில் வீட்டில் என்ன செய்தோம், எது முடியவில்லை என்று பேசுவார்கள்.

கிராமங்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். இருபதில் பதினாறு அமர்வுகளும் கூட்டமாக. இருபதில் சில அமர்வுகளுக்குப் பதில் தொண்டர் வீட்டுக்கே போவார். மீதி இருபதில் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் கூடுதல் பலன் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2021இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது. கூட்டம் மட்டும் நடந்த ஊர்களில் அறிவாற்றல் மதிப்பெண் பாதித் திட்ட விலக்கத்துக்குச் சற்று மேலே உயர்ந்தது. நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய இருபது இடம் முன்னேறுவதற்குச் சமம். பேச்சைப் புரிந்துகொள்வதிலும் நல்ல ஏற்றம். வீட்டு வருகையும் கலந்த ஊர்களில் அறிவாற்றல் ஏற்றம் அதில் பாதிக்கும் குறைவு. மொழியில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை. செலவோ கலப்பு முறைக்குத்தான் அதிகம்.

ஏன் அப்படி? திட்டவட்டமாகச் சொல்ல ஆய்வின் வடிவம் இடம் தரவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தொண்டர் ஒருத்தி வீட்டுக்கு வரும்போது அங்கே ஆசிரியரும் மாணவியும் இருக்கிறார்கள். இருபது பெண்கள் மரத்தடியில் கூடும்போது, பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளை செய்வதைத் தன் பிள்ளையும் செய்யுமா என்று ஒவ்வொருத்தியும் பார்க்கிறாள். ஊரில் நாலு பேர் செய்தால் அது வழக்கமாகிவிடுகிறது. மாமியார் கேலி செய்யவும் முடியாது. கயெலிட்ஷாவில் வீட்டு வருகை வேலை செய்தது என்றால், அங்கே தாய் தனியாக இருந்தாள், பேச ஒருத்தி தேவைப்பட்டாள். சியாயா கிராமத்தில் மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் கூடி உட்கார ஒரு சாக்குத்தான் தேவைப்பட்டது.

இதே எண்ணத்தின் முந்தைய வடிவம் உகாண்டாவின் வடக்கே லிரா பகுதியில் நடந்தது. கடவுளின் எதிர்ப்புப் படை என்று தன்னை அழைத்துக்கொண்ட கிளர்ச்சிக் குழுவும் அரசும் இருபது ஆண்டு மோதிக்கொண்ட பிரதேசம் அது. மக்கள் பல ஆண்டுகள் முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். ஊருக்குத் திரும்பிய பெண்களிடம் டெய்ஸி சிங்லா, பிரான்சிஸ் அபூட் முதலியோர் நடத்திய பன்னிரண்டு அமர்வுகளில் பிள்ளையோடு விளையாடுவதும் இருந்தது; தன்னையும் பிறரையும் மதிப்பது என்ற பேச்சும் இருந்தது. 2015இல் வந்த முடிவின்படி பிள்ளைகளின் அறிவாற்றலும் மொழியும் முன்னேறின. தாய்மார்களின் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்தது. பிள்ளைகளின் உயரத்தில் மாற்றம் இல்லை. பேச்சு வயிற்றை நிரப்பாது என்பதை இந்தத் திட்டங்களின் ஆய்வுகள் மறுபடி மறுபடி காட்டியிருக்கின்றன.

மலாவியில் அதற்கு எதிர்முனைச் சான்று உண்டு. அங்கே ஊர்மக்களே நடத்தும் பாலர் மையங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கூரை ஊர் போட்டது, கஞ்சிக்கு மாவு வீடுவீடாகத் திரட்டியது, ஆசிரியை சம்பளமில்லாத் தொண்டர். சோம்பா மாவட்டத்தில் 60 மையங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றின் வழியாகப் பெற்றோருக்குப் பலவகைப் பயிர் வளர்க்கவும் சத்தாகச் சமைக்கவும் உதவினார்கள். மையத்துக்கு வரும் பிள்ளைகளின் உணவு மேம்பட்டது. வீட்டில் இருந்த அவர்களுடைய குட்டித் தம்பி தங்கைகளிடம் வளர்ச்சி குன்றுவது குறைந்தது. இன்னொரு ஆய்வு ஏறக்குறைய இருநூறு மையங்களில் நடந்தது. ஆசிரியைக்கு மட்டும் பயிற்சி கொடுத்த இடங்களைவிட, பெற்றோருக்கும் சேர்த்து வகுப்பு நடத்திய இடங்களில் பதினெட்டு மாதத்தில் பிள்ளைகளின் மொழியும் பழகும் திறனும் மேலாக இருந்தன. முப்பத்தாறாம் மாதத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. கயெலிட்ஷாவில் பதின்மூன்று ஆண்டில் தெரிந்தது இங்கே மூன்றே ஆண்டில் தெரிந்தது.

பிள்ளையிடம் கிடைத்த ஏற்றம் ஏன் கரைகிறது என்பதில் பெரிய மர்மம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆறு வயதில் அந்தப் பிள்ளை போகும் பள்ளியில் நூறு பேருக்கு ஓர் ஆசிரியர் இருக்கலாம். வீட்டில் விளக்கு இருக்காது. அடுத்த வறட்சியில் மக்காச்சோளம் பொய்க்கும். மூன்று வயதுவரை போட்ட உரம் முப்பது வயதுவரை தாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

ருவாண்டாவின் அனுபவம் வேறு திசையில் போகிறது. ‘பண்டெபெரெஹோ’ திட்டம் நேராக அப்பாக்களிடம் பேசியது. நான்கு மாவட்டங்களில், பிள்ளையை எதிர்பார்த்திருந்த அல்லது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள ஆண்கள் பதினைந்து அமர்வுகளுக்கு வந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு மனைவியும் வந்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, சண்டை வரும்போது என்ன செய்வது, பணத்தை யார் தீர்மானிப்பது, குடி. ஏறக்குறைய 1,200 தம்பதிகளைக் குலுக்கிப் பிரித்த ஆய்வில், இருபத்தொரு மாதம் கழித்து, கடந்த ஓராண்டில் கணவன் அடித்ததாகச் சொன்ன பெண்கள் திட்டம் நடந்த பிரிவில் 33 சதவீதம், மற்றதில் 57. ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. இந்தத் துறையில் ஆறு ஆண்டு நிற்கும் பலன் அபூர்வம். கென்யாவின் ம்சிங்கி போராவில் அப்பாக்களுக்கும் அழைப்பு விட்டார்கள். கூடுதல் பலன் எதுவும் இல்லை. வெறும் அழைப்புக்கும் அப்பாவுக்கென்றே அமைத்த வகுப்புக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காணலாம்.

ருவாண்டாவிலேயே ‘சுகிரா முர்யாங்கோ’ என்று இன்னொரு திட்டம். தெரசா பெட்டன்கோர்ட் தலைமையில் பாஸ்டன் கல்லூரியும் உள்நாட்டு அமைப்புகளும் நடத்தியது. அரசின் ஏழைமைப் பட்டியலில் கடைசிப் படியில் இருந்த குடும்பங்களுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு பாடம் நடத்தினார்கள். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து உட்காரவைத்து, குடும்பத்தின் நல்ல பக்கத்தை அவர்களையே சொல்லவைப்பது அதன் பாணி. பிள்ளையை அடிப்பது குறைந்தது, மனைவியை அடிப்பது குறைந்தது, அப்பாவின் ஈடுபாடு கூடியது. பிள்ளையின் வளர்ச்சி? ஓராண்டுக்குப் பின் எடுத்த அளவுகளில், பெற்றோரிடம் கேட்டு நிரப்பும் படிவத்தில் முன்னேற்றம் தெரிந்தது. பிள்ளையை நேரில் வைத்துச் செய்யும் சோதனையில் தெரியவில்லை.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். திட்டத்தில் சேர்ந்த பெற்றோர் நல்ல பதிலைச் சொல்லப் பழகிவிட்டார்கள் என்பது ஒன்று. தன் பிள்ளையை இப்போதுதான் கூர்ந்து பார்க்கத் தொடங்கிய தாய்க்கு, அது செய்வதெல்லாம் கண்ணில் படுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மையாக இருந்தால் அதுவே ஒரு பெரிய மாற்றம். எந்தச் சோதனைப் பெட்டியிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

அளவுகோல் பற்றிய கேள்வி ஆப்பிரிக்காவில் பழையது. ஜாம்பியாவில் நீண்ட காலம் வேலைசெய்த உளவியலாளர் ராபர்ட் செர்பெல், 1970களில் லுசாக்கா பிள்ளைகளையும் மான்செஸ்டர் பிள்ளைகளையும் ஒரே மாதிரியைப் பார்த்து உருவம் செய்யச் சொன்னார். பென்சிலால் வரைவதில் ஆங்கிலப் பிள்ளைகள் மேல். கம்பியை வளைத்துச் செய்வதில் ஜாம்பியப் பிள்ளைகள் மேல். அங்கே தெருவில் பிள்ளைகள் கம்பியால் கார் செய்து ஓட்டுவது வழக்கம். களிமண்ணில் இருவரும் சமம். கென்யாவின் கோக்வெட் கிராமத்தில் சார்லஸ் சூப்பர் கண்டதும் இதே வகைதான். கிப்சிகிஸ் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட முன்கூட்டியே உட்கார்ந்தன, நடந்தன. காரணம் பிறவி இல்லை. தாய்மார்கள் தரையில் சிறு குழி தோண்டிப் பிள்ளையை உட்காரவைத்துப் பழக்கினார்கள். பழக்கப்படுத்தாத தவழ்தலில் அந்தக் குழந்தைகள் முந்தவில்லை. 2010இல் மலாவியில் மெலிசா கிளாட்ஸ்டன் குழு 1,426 குழந்தைகளை வைத்து உள்ளூர்ப் பொருட்கள், உள்ளூர்ச் செயல்கள் கொண்டு ஒரு சோதனையை வடிவமைத்ததற்குப் பின்னால் இந்த நீண்ட வாதம் இருக்கிறது. மேலே சொன்ன சுகிரா முர்யாங்கோ ஆய்வில் பிள்ளைகளை நேரில் சோதித்ததும் அதைக் கொண்டுதான்.

இங்கே ஒரு கடுமையான குற்றச்சாட்டையும் கேட்க வேண்டும். கேமரூனின் பாமே என்சமெனாங் 1992இலேயே புத்தகமாக எழுதினார்: ஆப்பிரிக்கக் கிராமத்தில் பிள்ளை வளர்ப்பது ஒரு தாயின் தனி வேலையல்ல, அண்ணன் அக்கா பாட்டி அண்டைவீடு எல்லாம் சேர்ந்தது, சின்ன வயதிலேயே வேலையும் பொறுப்பும் கொடுத்து வளர்ப்பது. அண்மையில் கேப்ரியல் ஷைடெக்கர், ஹைடி கெல்லர், நந்திதா சௌதரி போன்றோர் இன்னும் காட்டமாகக் கேட்டார்கள்: தாய் குழந்தையின் கண்ணைப் பார்த்து ஓயாமல் பேசுவது என்ற மேற்கத்திய நடுத்தர வர்க்கப் பழக்கத்தை மூளை அறிவியல் என்ற பெயரில் ஏன் கிராமங்களுக்கு ஏற்றுமதி செய்கிறீர்கள்?

செனகல்தான் இந்த வழக்கின் முக்கியச் சாட்சி. மோலி மெல்ச்சிங் 1991இல் தொடங்கிய தொஸ்தான் அமைப்பு, 2013 முதல் கிராமங்களில் பெற்றோர் வகுப்பு நடத்தியது. சிசுவின் கண்ணைப் பார்த்து அதிகம் பேசினால் தீய ஆவிகளின் கவனம் திரும்பும் என்ற அச்சம் அங்கே பல இடங்களில் உண்டு. அது நியாயமான கவலையும்கூட, சிசு மரணம் அதிகமிருந்த ஊர்களில். வோலோஃப் மொழியில், ஊர்க்காரர்களோடு, இமாம்களையும் சேர்த்துக்கொண்டு ஓராண்டு பேசினார்கள். ஆன் ஃபெர்னால்டின் குழு பதிவுசெய்து பார்த்தபோது, திட்டம் நடந்த ஊர்களில் பெரியவர்கள் பிள்ளையிடம் பேசும் பேச்சு முன்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. பிள்ளைகளின் சொல்வளமும் கூடியிருந்தது. ஆப்பிரிக்கர்கள் குழந்தையிடம் பேசமாட்டார்கள் என்று இதிலிருந்து யாராவது முடிவுகட்டினால், அவர்களுக்கு ஐவரி கோஸ்டின் பெங் மக்களைக் காட்ட வேண்டும். ஆல்மா காட்லீப் 2004இல் எழுதிய இனவரைவியலின்படி, பெங் மக்களுக்குச் சிசு என்பது மூதாதையர் உலகத்திலிருந்து அப்போதுதான் திரும்பிவந்த ஓர் ஆள். எல்லா மொழியும் அதற்குப் புரியும். ஆகவே பிறந்த நாள் முதல் அதனிடம் பேசுகிறார்கள்.

விமர்சகர்கள் சொல்வதில் எனக்கு முக்கால் பங்கு உடன்பாடு. திட்டக் கையேடுகளில் எட்டு வயது அக்கா எங்கே? இடுப்பில் தம்பியைச் சுமந்து பாதி நாள் வளர்ப்பவள் அவள். கூட்டத்துக்கு அவளை யாரும் அழைப்பதில்லை. கால் பங்கு உடன்பாடில்லை. லிராவிலோ கயெலிட்ஷாவிலோ அந்தப் பெண்கள் தங்கள் பாட்டியின் கிராமத்தில் வாழவில்லை. போரும் இடப்பெயர்வும் எச்.ஐ.வியும் அந்தக் கிராமத்தைக் கலைத்துவிட்டன. இல்லாமல் போன கூட்டத்துக்குப் பதில் ஒரு கூட்டம் வேண்டும் என்று கேட்பதை ஏற்றுமதி என்று தள்ளிவிட முடியாது. கலைந்ததைக் கலையாததாகக் கற்பனை செய்வதும் ஒருவகை வெளிநாட்டுப் பார்வைதான்.

கூட்டத்தை யார் கூட்டுவது? 1979இல் கேப்டவுனின் கிராஸ்ரோட்ஸ் சேரியில் தொடங்கிய ஃபிலானி என்ற அமைப்பின் பதில் எனக்குப் பிடிக்கிறது. ஸ்வீடனில் பிறந்த மருத்துவர் இங்க்ரிட் லெ ரூ அதன் நிறுவனர்களில் ஒருவர். சத்துக்குறைவான குழந்தைகளைத் தேற்றும் மையமாக ஆரம்பித்து, அதே வறுமையில் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கும் தாய்மார்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி தந்து, எடைக்கருவியைத் தோளில் மாட்டி அனுப்பினார்கள். வழிகாட்டித் தாய் என்று பெயர். மாதச் சம்பளம் உண்டு, மேற்பார்வை உண்டு. 24 குடியிருப்புப் பகுதிகளில் 1,238 தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வில், அவர்கள் போன வீடுகளில் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது முதலிய பல நல்ல பழக்கங்கள் கூடின.

மற்ற இடங்களில் இந்த வேலை பெரும்பாலும் ஊதியமில்லாத தொண்டு. ஏழைப் பெண் ஒருத்தி இன்னொரு ஏழைப் பெண்ணிடம் போய் ‘உன் மனநலத்தைப் பார்த்துக்கொள்’ என்று சொல்ல வேண்டும். அவளுடைய மனநலத்தையோ அடுப்பையோ பார்க்க யாருமில்லை. ஆய்வு நடக்கும் இரண்டு ஆண்டு பயணப்படியும் மேற்பார்வையும் கிடைக்கும். பிறகு திட்டம் ‘அரசு அமைப்போடு இணைக்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தடுப்பூசி, மலேரியா, காசநோய், கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே நிரம்பிய பையில் கிலுகிலுப்பையும் ஏறும். கென்யா 2023இல் சட்டம் இயற்றி, ஒரு லட்சம் சுகாதாரத் தொண்டர்களைச் ‘சமூக சுகாதார ஊக்குநர்’ ஆக்கி, மாதம் 5,000 ஷில்லிங் என்று நிர்ணயித்தது. பாதி மத்திய அரசு, பாதி மாவட்ட அரசு. பிழைப்புக்குப் போதாத தொகைதான். ஆனாலும் வேலை வேலையென்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

தாயைப் பற்றி அரசுகள் எப்படி யோசிக்கின்றன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பிள்ளை வளர்ப்பு உதவித்தொகை தெளிவான எடுத்துக்காட்டு. 1998இல் தொடங்கிய அந்தத் தொகை கண்டத்திலேயே பெரிய பணஉதவித் திட்டங்களில் ஒன்று. வளர்ப்பவர் கையில் நேரடியாகக் கொடுக்கப்படுவது. 2024 ஏப்ரலில் மாதம் 530 ராண்ட். ஓர் ஆள் ஒரு மாதம் உயிர்வாழத் தேவையான உணவுக்கு மட்டும் அதே ஆண்டு அரசு போட்ட கணக்கு 796 ராண்ட். அந்தத் தொகையும் பிள்ளை பிறந்து பதிவான பிறகுதான் தொடங்குகிறது. கர்ப்ப காலத்திலேயே கொடுங்கள் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. துலா சனா என்ற கயெலிட்ஷா திட்டத்தின் முதல் இரண்டு வருகைகள் பிரசவத்துக்கு முன்பே நடந்தன என்று சொன்னேன். பிள்ளை அப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை, வீட்டில் இருந்தவள் தாய் மட்டும்தான். அரசின் 1000 நாள் கணக்கு கருவுற்ற நாளிலிருந்து தொடங்குகிறது. பணம் வந்து சேர்வதற்குள் அதில் முதல் 270 நாள் போய்விடுகிறது.